வெறும் வயிறும் எக்சர்சைஸும்

சித்திரை 14, திங்கள்

விடியும்போதே புழுக்கம். கடல் காற்று சுத்தமாக இல்லை. கேழ்வரகு அரைத்தாகிவிட்டது. மாங்காய் வாங்க வேண்டும். மோர் மிளகாய் தீர்ந்து போனது.

தேன்மொழி வந்துவிட்டாள்! என் பேத்தி, ஏழுமலையின் மூத்த பெண். புதுச்சேரிப் பக்கம் மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ்சி. உடம்பு எப்படி வேலை செய்கிறது என்கிற படிப்பு. டாக்டர் இல்லையாம், டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குப் பாடம் எடுக்கலாமாம். தெருவில் நான் டாக்டர் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

எடை பார்க்கும் மிஷின், இடுப்பு அளக்க டேப், ஒரு பை நிறையக் காகிதம். ஊரில் ஆம்பிளைகள் நாற்பது பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டுமாம். இருபது பேர் உப்பளத்தில் உழைக்கிறவர்கள். இருபது பேர் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்.

எதற்கு என்று கேட்டேன். வளர்ச்சி ஹார்மோனாம். அஞ்சாவது வரை போன எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அதிலிருந்து வருகிறது. சின்ன வயதில் ஆளை உயரமாக்குவது அதுதான். வளர்ந்த பிறகும் அது ஓய்வதில்லை. சதையைக் கட்டி வைப்பது, கொழுப்பைக் கரைப்பது எல்லாம் அதன் பொறுப்பு. வயது ஏற ஏறக் குறையும். தொப்பை போட்டால் இன்னும் குறையும். படுத்ததும் வருகிற ஆழ்ந்த தூக்கத்தில் நன்றாகச் சுரக்கும். உழைத்தாலும் ஏறும்.

அப்படியென்றால் எங்கள் அளத்து ஆட்கள் உடம்பில் எவ்வளவு இருக்கும்? அதைத்தான் பார்க்கப் போகிறாள்.

"காலேஜ் பசங்களையே எடுத்துக்கோன்னு எனக்கு வழி காட்டற மேடம் சொன்னாங்க ஆயா. நாந்தான் எங்க ஊரு ஆளுங்கதான் வேணும்னு சண்ட போட்டு வாங்கினு வந்திருக்கேன். வைகாசி கடைசிக்குள்ள இந்த ஆராய்ச்சிய எழுதிக் குடுத்தாதான் பட்டம். இல்லன்னா ஒரு வருஷம் போச்சு."

"ஆளுங்கள நான் புடிக்கறேன். நீ ஊசியப் புடி" என்று சொல்லிவிட்டேன்.

சித்திரை 15, செவ்வாய்

கூழ் சீக்கிரம் தீர்ந்தது. கருவாடு பத்தவில்லை.

அளத்து வரப்பில் கூழ்ப் பானையை இறக்கியதுமே பேச்சை ஆரம்பித்தேன். பலகையால் உப்பு வாருகிற ஆட்களில் மூத்தவன் கன்னியப்பன். அவன் சரி என்றால் மீதிப் பேர் பின்னால் வருவார்கள். ஆள் பனைமரம்.

"வளர்ச்சி ஹார்மோனா? இனிமே என்னாத்துக்கு யக்கா வளரணும்? இப்பவே வாசக்கால் இடிக்குது."

அவன் பெண்டாட்டி அஞ்சலை உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இவுரு ஒடம்புல ரத்தம் ஏது? எடுத்து வெயில்ல வெச்சா படி உப்பு தேறும்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கையெழுத்து கேட்பாளே, நிலத்தை எழுதிக்கொள்வாளோ என்று ஒருத்தன். "உனக்கு நிலம் எங்கடா இருக்குது?" என்றான் கன்னியப்பன். அதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அளத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள்! ஒரே நாளில்! எலக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்கிறவன்கூட இப்படிச் சேர்த்திருக்க மாட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தேன்மொழி, "முக்கியமான ஒண்ணு ஆயா, வெறும் வயித்துல வரணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு. "நம்ம ஆளுங்க தெனமும் வெறும் வயிறுதான்டி. என் கூழுப் பான போற வரைக்கும் பச்சத் தண்ணிதான்."

"அப்ப ரொம்ப நல்லது ஆயா" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

சித்திரை 17, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கால் வெடிப்புக்குக் களிம்பு வாங்கினேன்.

அளத்து ஆட்களைச் சேர்த்தது சுலபம். தொப்பைக்காரர்களைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு! ஊசிக்கு யாரும் பயப்படவில்லை, டேப்புக்குத்தான் பயம். ஆட்டோ ஸ்டாண்டு, மளிகைக் கடை, செல்போன் கடை எல்லாம் ஏறி இறங்கினேன். மளிகைக் கடைக்காரர், "ரத்தம் எவ்ளோ வேணா எடுத்துக்க, இடுப்ப மட்டும் வுட்டுடு" என்கிறார்.

என் மகனே அப்படித்தான். ஏழுமலைக்கு ஷேர் ஆட்டோ, திண்டிவனம் ரோட்டில். காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே இருக்கிறான். படுத்தாலும் செல்போன். "பெத்த பொண்ணு அப்பன் வயித்த அளக்கறதா?" என்று எகிறினான். நான் விடவில்லை. "உன்ன வயித்துல வெச்சிருந்தப்ப நர்ஸம்மா என் வயித்த எத்தினி வாட்டி அளந்தாங்க தெரியுமாடா?"

கடைசியில் நின்றான். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான்.

"மூச்ச விடுப்பா."

"விட்டுட்டேன்."

"முழுசா விடுப்பா."

விட்டான். தேன்மொழி டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட வேண்டியிருந்தது. "சத்தமாப் படிக்காத" என்றான். அவள் படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்துவிட்டேன். எழுத மாட்டேன்.

மகனே அளக்கக் கொடுத்ததும் ஸ்டாண்டுக்காரர்கள் எல்லாரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

சித்திரை 20, ஞாயிறு

இன்று ரத்தம் எடுத்தாயிற்று. அவ்வளவு சந்தோஷம்.

சமுதாயக் கூடம். விடியற்காலையே பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். ரத்தம் எடுக்க அவள் கல்லூரியிலிருந்து ஒரு நர்ஸ், ஐஸ் பெட்டியோடு. முதலில் ஆட்டோ, கடை ஆட்கள். எழுந்த கையோடு வந்தார்கள், பாதிப் பேருக்குக் கொட்டாவி.

பிறகு அளத்து ஆட்கள். பார்க்க வேண்டுமே! சேறு கழுவி, குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை, விபூதி. கல்யாணத்துக்கு வந்த பெண் வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். "டாக்டர் பொண்ணு எதிர்ல சேறும் சகதியுமா நிக்கறதா யக்கா?" என்றான் கன்னியப்பன். என் கண்ணில் தண்ணீர்.

தேன்மொழி ஒவ்வொருத்தரையும் கேட்டாள்.

"சாப்டீங்களா மாமா?"

"இல்லம்மா."

"டீ, காபி?"

"தண்ணிதான்."

"ராத்திரி தூக்கம்?"

"எட்டு மணிக்கெல்லாம் படுத்துட்டேன்."

"காலைல எக்சர்சைஸ் ஏதாவது?"

"அய்ய, அந்தப் பழக்கமே கெடையாதும்மா."

நம் ஆட்களிடம் போய் எக்சர்சைஸ் கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எடுத்து முடித்து எல்லாருக்கும் கூழ். இன்று நான் விற்கவில்லை, ஊற்றினேன். ஒருத்தன் மட்டும் மயங்கி விழுந்தான், அதுவும் ஊசியைப் பார்த்து. செல்போன் கடைக்காரன்.

சித்திரை 27, ஞாயிறு

கத்திரி வெயில். அளத்தில் உப்பு வெள்ளை வெளேரென்று விளைந்து நிற்கிறது. முதலாளி முகத்தில் சிரிப்பு.

மத்தியானம் தேன்மொழி போன். குரலே சரியில்லை.

"ஆயா, அளத்து ஆளுங்களோட எண்ணு எல்லாம் கோணல்மாணலா வந்திருக்குது. செல பேருக்கு எங்கயோ எகிறிப் போச்சு. சும்மா உக்காந்திருந்த ஆம்பளைக்கு இவ்ளோ வராது, எங்கயோ தப்பு நடந்திருக்குதுன்னு மேடம் சொல்றாங்க."

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எகிறிப் போனால் நல்லதுதானே? நம் ஆட்களாயிற்றே!

"அன்னைக்குக் காலைல அவங்க அளத்துக்குப் போனாங்களா ஆயா?"

"போவாம? வாரி முடிச்சிட்டுத்தான் வந்தாங்க. அதுக்கப்புறம் குளிச்சி, சட்ட போட்டு..."

அவள் நடுவில் மறித்தாள்.

"ஆயா, நான் எல்லாரையும் கேட்டேனே. எக்சர்சைஸ் பண்ணீங்களான்னு."

"எக்சர்சைஸ் பண்ணலடி. வேலதான் பண்ணாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. இரண்டும் என்று நினைக்கிறேன். உடம்புக்கு எக்சர்சைஸும் வேலையும் ஒன்றுதானாம். பலகை பிடித்து உப்பு வாரினால் அது சர்ரென்று ஏறிவிடும், இறங்க நேரமாகும். அவளுக்கு வேண்டியது தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிற உடம்பின் கணக்கு. அதை ஆட்டோ ஆட்களின் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்கு வெறும் வயிறு என்றால் படுக்கையிலிருந்து எழுந்த வயிறு. எங்களுக்கு வெறும் வயிறு என்றால் பாதி நாள் உழைத்த வயிறு.

மறுபடி எடுத்தால்தான் உண்டு. இல்லாவிட்டால் அளத்து ஆட்களை விட்டுவிட்டு மாணவர்களை வைத்து முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறாராம் மேடம். அதற்கு நாள் பத்தாது. வருடம் போய்விடும்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன்.

சித்திரை 28, திங்கள்

அளத்தில் சொன்னேன். சொன்ன விதம் சரியில்லையோ என்னவோ. "ரத்தம் தப்பா இருக்குதாம், மறுபடி எடுக்கணுமாம்" என்றேன்.

கன்னியப்பன் கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

"தப்பா இருக்குதா? வெறும் வயித்துலதான் வந்தோம் யக்கா. என் பிள்ளைங்க மேல ஆணையா வாயில பச்சத் தண்ணி தவிர எதுவும் படல. பொய் சொல்றோம்னு சொல்றாளா உன் பேத்தி?"

"ஐயோ, அப்பிடி இல்லடா..."

"அப்பறம் எப்பிடி?"

சுரப்பி, தூக்கம், எக்சர்சைஸ் எல்லாம் வாயில் குழம்பிப் போனது. ஒருத்தரும் இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை. பானையில் பாதி திரும்பி வந்தது. இத்தனை வருடத்தில் கன்னியப்பன் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனது இன்றுதான்.

தேன்மொழிக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். "நானே வர்றேன் ஆயா" என்றாள்.

சித்திரை 29, செவ்வாய்

முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு கன்னியப்பன் இருந்த பாத்தி வரை போய்விட்டாள். உப்பில் நடந்து பழகாத கால், ஆனாலும் போனாள். பின்னால் நான், தலையில் பானை.

"மாமா, தப்பு உங்க மேல இல்ல. நான் கேட்டதுதான் தப்பு. அளத்துக்குப் போனீங்களான்னு கேட்டிருக்கணும். எக்சர்சைஸ் பண்ணீங்களான்னு கேட்டுட்டேன்."

அவன் பலகையை நிறுத்தவில்லை.

"நீங்க இப்ப வார்றீங்க இல்ல? இப்பவே உங்க ஒடம்புல அது ஏறிக்கினு இருக்குது. அது உங்க உழைப்போட கணக்கு. எனக்கு ஒடம்போட கணக்கு வேணும் மாமா. தூங்கி எழுந்து, அப்பிடியே வந்து உக்காரணும்."

பலகை நின்றது. கன்னியப்பன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அப்ப நாங்க பொய் சொல்லல?"

"இல்ல மாமா. உண்மையச் சொன்னதாலதான் என் கணக்கு கெட்டுச்சு."

முதலில் சிரித்தது அஞ்சலை. பிறகு அவன். பிறகு பாத்தி பூராவும். ஆனால் வேலைக்கு வராமல் எப்படி? விளைச்சல் நேரத்தில் ஒரு காலை வாராமல் விட்டால் முதலாளி விடுவாரா? கூலிதான் என்ன ஆவது?

"நாங்க காலைல எழுந்து சும்மா உக்கார்றதுன்னா..." என்று ஆரம்பித்த கன்னியப்பன் நிறுத்திக்கொண்டான். எல்லாரும் மேலே பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். உப்பு விளைகிற நேரத்தில் பாத்தியில் நின்று அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பெயர் சொன்னால் வந்துவிடும்.

"அது வந்தா, உக்காருவோம்" என்றான். "அன்னைக்கு வரோம், போ."

இன்று இரண்டு கிண்ணம் குடித்தான்!

வைகாசி 1, வெள்ளி

மேகம் இல்லை.

வாசலுக்கு வந்து வந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி உள்ளே போகிறேன். அது வந்தால் விளைந்த உப்பு கரையும். அளத்து ஆட்களுக்கு வாரக் கணக்கில் வேலை இருக்காது, எனக்கும் கூழ் விற்காது. வராவிட்டால் தேன்மொழிக்கு வருடம் போகும். இப்படி ஒரு ஆசையை எந்தச் சாமியிடம் சொல்வது? அம்மன் கோயிலுக்குப் போய் ஒன்றும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவளுக்குத் தெரியும், அவள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏழுமலை மூன்று நாளாக விடியற்காலை கடற்கரையில் நடக்கிறான்! ராத்திரி செல்போனையும் சீக்கிரம் வைத்துவிடுகிறான். மகள் ஒன்றும் சொல்லவில்லை, டேப்தான் சொல்லியிருக்கிறது. நடந்து முடித்து வழியில் நாலு போண்டா தின்றுவிட்டு வருகிறான் என்று மருமகள் சொன்னாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

வைகாசி 4, திங்கள்

மழை.

விடியுமுன்னே பிடித்துக்கொண்டது. இடி, காற்று, கூரைத் தகரம் அதிர்ந்தது. படுக்கையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. சந்தோஷம் நிற்கவும் இல்லை.

தேன்மொழி இதற்காகவே இரண்டு நாளாக வீட்டோடு இருக்கிறாள். நர்ஸை ஏழுமலை ஆட்டோவில் போய் அழைத்து வந்தான். கூடத்தைத் திறந்து வைத்தோம். நாற்காலி போட்டோம். யாரையும் கூப்பிடப் போகவில்லை. உப்பு கரைந்து கிடக்கிற காலையில் போய் ரத்தம் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

"வருவாங்களா ஆயா?"

"தெரியலடி."

ஐஸ் பெட்டியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

தூறல் விட்டதும் தெருக்கோடியில் ஒரு கோணிச் சாக்கு. அதைத் தலையில் போட்டுக்கொண்டு நீளமாக ஒரு ஆள். கன்னியப்பன்! பின்னால் ஒவ்வொருத்தராக. சட்டை தேய்க்கவில்லை, சில பேருக்குச் சட்டையே இல்லை. லுங்கி, தோளில் துண்டு, தூங்கி எழுந்த முகம், கலைந்த தலை.

"எல்லாம் போச்சு யக்கா. அள்ளி வெச்சது மட்டும் மிச்சம்." உட்கார்ந்தான். துண்டால் தலையைத் துவட்டினான். பிறகு தேன்மொழியிடம் கையை நீட்டினான். "எடும்மா. இன்னைக்கு எக்சர்சைஸும் இல்ல, வேலயும் இல்ல. நீ சொன்ன மாதிரியே படுக்கையிலேருந்து எழுந்து வரேன்."

"அவசரமா நடந்தீங்களா மாமா?"

"சாவு வூட்டுக்குப் போற மாதிரி மெதுவாதான் வந்தேன்."

எல்லாரையும் அரை மணி சும்மா உட்கார வைத்தாள். அதுதான் அவர்களால் முடியவில்லை! ஒருத்தன் நாற்காலியை அடுக்கப் போனான், ஒருத்தன் ஒழுகுகிற ஓட்டைச் சரி செய்ய ஏறப் பார்த்தான். "உக்காருங்க மாமா! உக்காருங்க!" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். அஞ்சலை ஜன்னலில் நின்று, "கல்யாணமான நாளா நான் சொல்லி உக்காராத ஆளு, இன்னைக்கு உக்காந்திருக்கு பாரு" என்றாள்.

இருபது பேரும் வந்துவிட்டார்கள். இருபது பேரும்!

வைகாசி 13, புதன்

வெயில் திரும்பிவிட்டது. அளத்தில் சேறு மிதித்துப் பாத்தி கட்டுகிறார்கள், முதலிலிருந்து. கூழ் பாதிப் பானைதான் எடுத்துப் போகிறேன்.

கூழ் ஊற்றும்போது தேன்மொழி போன்.

"ஆயா, கன்னியப்பன் மாமா பக்கத்துல இருக்காரா? குடு."

"என்கிட்டயே சொல்லுடி."

"கூடாது ஆயா. அவரோடது அவருகிட்டதான் சொல்லணும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆள் சேர்த்தது யார்? கூழ் ஊற்றியது யார்? ஆனால் கன்னியப்பன் கை நிறையச் சேறு. "நீயே புடி யக்கா, சத்தமா வெய்" என்றான். வைத்தேன்.

எண்கள் எல்லாம் இறங்கிச் சரியாக வந்துவிட்டதாம். மேடம் ஒத்துக்கொண்டாராம். எழுத ஆரம்பித்துவிட்டாளாம்! அதே வயது ஆட்டோ, கடை ஆட்களைவிட அளத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதிகமாம். வயிறு ஒட்டியவர்கள், நேரத்தில் படுக்கிறவர்களுக்கு இன்னும் அதிகம். சில பேருக்குக் குறைவும் இருக்கிறது, அது யார் என்று அவள் சொல்லவில்லை.

"மாமா, உங்களுதுதான் நான் ரெண்டு வாட்டி பாத்தேன். இளவட்டப் பசங்க மாதிரி இருக்குது. ஒரு நாள் எடுத்தத வெச்சிப் பெருசாப் பேசக் கூடாது, ஆனா இருக்குது!"

நான் கத்திவிட்டேன். பாத்தியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியப்பன் மட்டும் சிரிக்காமல் நாலு பக்கமும் ஒரு பார்வை பார்த்தான். என் பக்கத்தில் குனிந்தான்.

"யக்கா, இது மொதலாளி காதுக்குப் போவக் கூடாது. தெரிஞ்சா இன்னும் ரெண்டு பாத்தி சேத்துக் குடுத்துருவான்."

முதலாளியிடம் சொல்ல மாட்டேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

அஞ்சலையிடம் வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன்.